காடிக்குக் காற்று மாற்றிய ஞாயிறு

1

ஊர்ப் பள்ளிக்கூட முன்னாள் மாணவர் மலருக்கு மலேசிய வாழ்க்கையைப் பற்றி எழுதித் தா என்று சில வருடங்களாகவே கேட்கிறார்கள். இரட்டைக் கோபுரம், பெரிய முருகன் சிலை என்று எழுதுவேன் என எதிர்பார்க்கிறார்கள் போல. இரண்டும் கோலாலம்பூர்ப் பக்கம். நான் இருப்பது ஈப்போவுக்கு வடக்கே செமோர். அந்தக் கோபுரத்தைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று எனக்கே நினைவில்லை.

இந்த மாதத்தோடு நான் புதுவயலை விட்டு வந்து இருபது வருடம் ஆகிறது. அதற்காகத்தான் இந்தத் தடவை ஒப்புக்கொண்டேன். ஆனால் எழுதப்போவது காருக்குக் காற்று ஃபில்டர் மாற்றியதைப் பற்றி. பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

இருபது வருடம் ஆனதற்குக் கேக் வாங்கலாமா என்று என் கணவர் சேகர் கேட்டார். நான் என்ன சாதித்துவிட்டேன் கேக் வெட்ட என்றேன். மகள் தர்ஷினி போனிலிருந்து தலையைத் தூக்காமல், "இருபது வருசம்னா ஜெயில்லயே வுட்ருவாங்கம்மா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. அப்போது நான் அவள்மேல் கோபமாக இருந்தேன்.

கோபத்துக்குக் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் காலையில் என் காரில் ஏறுவதை நிறுத்தியிருந்தாள்.

2

இங்கே தமிழர்கள் காரைக் காடி என்பார்கள். மெக்கானிக்கைப் போமேன் என்பார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறல். வந்த புதிதில் இதெல்லாம் தமிழா என்று எரிச்சல்பட்டவள் நான். இப்போது ஊருக்குப் போன் பேசும்போது எனக்கே காடி என்றுதான் வாயில் வருகிறது. அண்ணி அந்தப் பக்கம் சிரிப்பாள்.

என்னுடையது இந்த நாட்டிலேயே செய்யும் சின்னக் கார். பழசு. அதை ஓட்டக் கற்றுக்கொண்டதே ஒரு தனிக் கோபத்தில்தான். வந்த முதல் சில வருடங்கள் நான் சேகருடைய மனைவி என்பதை அரசாங்கத்துக்கு நிரூபிப்பதுதான் என் முழுநேர வேலை. விசாவைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். கவுன்ட்டரில் இருப்பவர் இவர் யார் என்று கேட்பார். எங்கள் கல்யாணப் படம், சான்றிதழ், சேகருடைய அடையாள அட்டை எல்லாம் அந்தக் கவுன்ட்டர்க்காரர் கையிலேயே இருக்கும். இருந்தும் கேட்பார். பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு துடிக்கும். சேகர் மேசைக்கு அடியில் என் காலை மிதிப்பார்.

நிரந்தர வாசி அட்டை கைக்கு வந்தபோது தர்ஷினி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். அட்டை வந்த கையோடு ஓட்டுநர் உரிமத்துக்குப் படித்தேன். சாலை விதிகளை மலாயில் மனப்பாடம் செய்தேன். இனி இந்த நாட்டில் எங்கே போகவும் யாரையும் கூப்பிடக்கூடாது என்று ஒரு வெறி.

இப்போது ஈப்போவில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கருமாதி அட்டை எல்லாவற்றுக்கும் தமிழ் சரி பார்ப்பது நான்தான். தர்ஷினி அதே ஊரில் படிவம் ஆறு படிக்கிறாள். நம் கணக்கில் பிளஸ் டூ. காலையில் இரண்டு பேரும் ஒரே காரில் போவோம். நெரிசல் இருந்தால் முக்கால் மணி நேரம் ஆகும். நெரிசல் இருக்கட்டும் என்றுதான் நான் நினைப்பேன்.

ஏனென்றால் வீட்டில் மூன்று பேரும் மூன்று மூலை. அவளுக்குப் போன், அவருக்குத் தொலைக்காட்சி, எனக்கு அடுப்படி. காரில் ஓடி ஒளிய இடமில்லை. அவள் பேசுவாள். டீச்சர் ஒருவருடைய விக், தோழி ஒருத்தியின் காதல், வேதியியல் பாடம் மண்டையில் ஏறாதது, எல்லாம் பேசுவாள். பாதி தமிழ், கால் மலாய், கால் ஆங்கிலம். நான் அவள் தமிழைத் திருத்துவேன், அவள் என் மலாயைத் திருத்துவாள். நான் என் ஊரைப் பற்றிச் சொல்வேன். பின்னால் எவனாவது ஹாரன் அடித்தால் கண்ணாடியை இறக்கி ஏசுவேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

ஒருநாள் அவள் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள். ஏசி ஓடுகிறது, ஏற்று என்றேன். ஏற்றினாள். அடுத்த முக்குக்குள் மறுபடி இறக்கினாள். இப்படியே சில வாரம் போயிற்று. அப்புறம் ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது, நாளையிலிருந்து சியூ லிங்கோடு போகிறேன் என்றாள். சியூ லிங் எங்கள் வீட்டு வரிசைக்கு அடுத்த வரிசையில் இருக்கும் சீனப் பெண், அவளோடு படிப்பவள். அவள் அம்மா கொண்டுபோய் விடுவாள். ஏன் என்று கேட்டேன்.

"ஒங்க காடியில ஒக்காந்தா ஒரு மாதிரி இருக்கும்மா."

ஒரு மாதிரி என்றால் என்ன மாதிரி என்று கேட்டேன். தட்டைப் பார்த்தாள். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அதற்குக் கொஞ்சம் முன்னால் பள்ளிக்கூட வாசலில் ஒரு சண்டை நடந்திருந்தது. காரை அங்கே நிறுத்தாதே என்று காவலாளி விசிலை என் காதுக்குள் ஊதினார். நான் இறங்கி எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் அவரை ஒரு பிடி பிடித்தேன். பிள்ளைகள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆக, மகளுக்கு அம்மாவால் வெட்கம். அம்மாவின் பழைய கார், அம்மாவின் மலாய், அம்மாவின் வாய். இவ்வளவுதானே விஷயம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

எனக்குக் கோபம் வந்தால் பாத்திரங்கள்தான் பேசும். வீட்டில் கொஞ்ச காலம் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது. காலையில் தனியாக ஈப்போ போனேன். பக்கத்து இருக்கையில் என் சாப்பாட்டுப் பை உட்கார்ந்து வந்தது.

3

அந்தச் சமயத்தில்தான் புகைமூட்டமும் வந்தது. எங்கேயோ காடு எரிந்தால் இங்கே வானம் சாம்பல் நிறமாகிவிடும். ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்பு மலைகள் காணாமல் போய்விடும். ஊர் முழுக்க இருமியது. தர்ஷினியும் இருமினாள்.

அவள் இருமல் வேறு மாதிரி. இழுப்போடு வரும். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். என் அப்பா புதுவயலில் அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. இருமிக்கொண்டேதான் போனார். அதனால் மகள்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் ராத்திரி அவள் அறை வாசலில் போய் நின்று மூச்சைக் கேட்டுவிட்டுத்தான் படுப்பேன்.

மருத்துவர் ஒவ்வாமை என்றார். வீட்டில் பூனை உண்டா, தரைவிரிப்பு உண்டா என்று கேட்டார். இரண்டும் இல்லை. உறிஞ்சும் மருந்து கொடுத்தார். புகைமூட்டம் போனால் சரியாகிவிடும் என்றார். மழை பெய்து புகைமூட்டம் போனது. இருமல் குறைந்தது, ஆனால் போகவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை சியூ லிங் காரில் போவாள், நன்றாக இருப்பாள். சனி, ஞாயிறு எங்களோடு காரில் கோயிலுக்கோ சுங்காயில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கோ போய் வந்தால் இழுக்க ஆரம்பித்துவிடும். இதைச் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது புத்தி இல்லை. கோபத்துக்குத்தான் இடம் இருந்தது.

சேகருக்குத் தெரிந்த மருத்துவம் சாம்பிராணி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளித்துவிட்டு வந்து சாமி படத்துக்குக் காட்டிய கையோடு காருக்குப் போவார். பழைய பால் டின் ஒன்றில் சாம்பிராணிக் கப்பைப் பற்றவைத்து முன் இருக்கைக்குக் கீழே வைப்பார். கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் சாத்துவார். காரை முடுக்கி உள்காற்று உள்ளேயே சுற்றுகிற மாதிரி ஃபேனை வைத்துவிட்டு வெளியே கை கட்டி நிற்பார். மூலை முடுக்கெல்லாம் புகை போக வேண்டும் என்பது கணக்கு. எல்லாம் அவர் அப்பா வழி வந்த பழக்கம். மாமனார் சுங்காய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர்ப் பால் ஏற்றும் லாரி ஓட்டியவர். வெள்ளிக்கிழமையானால் லாரிக்குச் சாம்பிராணி போடாமல் சாவியைத் தொட மாட்டாராம். அவர் ஓட்டிய காலம் முழுக்க ஒரு கீறல் விழவில்லை என்பது எங்கள் வீட்டுப் புராணம்.

தர்ஷினி படிவம் ஆறு சேர்ந்த வருடம் இவர் அதைத் தீவிரமாக்கினார். பிள்ளை தினமும் நெடுஞ்சாலையில் போகிறாள், கண் பட்டுவிடக்கூடாது என்றார். இருமல் வந்ததும் செவ்வாய்க்கிழமையும் போட ஆரம்பித்தார். அவள் இருமினால் அவர் புகை போட்டார். இன்னும் இருமினாள். இன்னும் போட்டார்.

4

காரும் சரியில்லாமல் போனது. மேட்டில் ஏறும்போது முக்கியது. ஏசி காற்று விசிறிமட்டையால் வீசுகிற மாதிரி வந்தது. செமோரில் எங்கள் போமேனிடம் கொண்டுபோனேன். சீனர். தோட்டத்தில் வளர்ந்தவர். அவர் தமிழ் என்னுடையதைவிட வேகமாக ஓடும். தீபாவளி நெருங்கிய நேரம், பட்டறையில் கார்கள் வரிசைகட்டி நின்றன. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு ஃபில்டரையும் மாற்று, ஒன்று எஞ்சினுக்கு, இன்னொன்று உள்ளே ஏசிக்கு, எத்தனை வருடமாகத் தொடவே இல்லை என்றார். பண்டிகை முடிந்து வரச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அவசரம்னா வீட்டுக்காரர மாத்தச் சொல்லுங்கக்கா. ஆம்பள இருந்தா அஞ்சு நிமிசம்லா."

இருபது வருடம் இந்த நாட்டில் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் வீட்டுக்காரர் எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொன்னவள் நான். ஃபில்டரைக் கொடு என்றேன். அவர் இரண்டு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். நான்தான் மாற்றப்போகிறேன் என்றேன். சிரித்தார். தப்பாகச் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது எல்லாச் சிரிப்பும் தப்பாகத்தான் தெரிந்தது.

5

ஞாயிற்றுக்கிழமை காலை சேகர் கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தார். வீட்டு வாசலில் காரை நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து பானட்டைத் திறந்தேன். செய்முறையைக் காட்டும் ஒரு மலாய்ப் பையனுடைய வீடியோவைப் போனில் ஓடவிட்டு அதை வைப்பர்மேல் சாய்த்து வைத்தேன். தர்ஷினி வாசல் நாற்காலியில் உட்கார்ந்து தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை. அவளும் எழுந்து போகவில்லை.

எஞ்சின் ஃபில்டர் சுலபம். கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. ஓரத்தில் இரும்புக் கிளிப்புகள். நெம்பினால் மூடி தூக்கிக்கொள்ளும். உள்ளே விசிறிபோல் மடித்த காகிதம், சுற்றிலும் ரப்பர் விளிம்பு. புதிதில் வெள்ளையாக இருக்குமாம். நான் எடுத்தது செங்கல் நிறத்தில் இருந்தது. சுங்காய் மண். சேகருடைய அக்கா இன்னும் அந்தப் பழைய தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது, சாலை மட்டும் அதே செம்மண். நாங்கள் போய்வந்த பயணமெல்லாம் அந்தக் காகிதத்தில் படிந்து கிடந்தது. மடிப்புகளுக்கு நடுவே காய்ந்த இலைத் துணுக்கு, பூச்சி இறக்கை.

அதைச் சுவரில் ஒரு தட்டுத் தட்டினேன். செந்தூசி பறந்தது. என் கை தானாக இன்னொரு முறை தட்டியது. தர்ஷினி நிமிர்ந்து, ஏம்மா அதைப் போட்டு அடிக்கிறீர்கள், புதுசுதான் இருக்கிறதே என்றாள்.

அந்த நாட்களில் அவள் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். நான் திரும்பாமலே சொன்னேன், என் அப்பா இப்படித்தான் துண்டை அடிப்பார் என்று. ஆலை விட்டு வந்ததும் மூக்கில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துச் சைக்கிள் கேரியரில் ஓங்கி ஓங்கி அடிப்பார். தவிட்டுத் தூசி பறக்கும். மூக்கு இருந்த இடத்தில் மட்டும் துண்டில் பழுப்பாக ஒரு வட்டம். எத்தனை துவைத்தாலும் அது போகாது. கிழியும்வரை அதே துண்டுதான். அந்த ஆலையில் நெல்லுக்குச் சல்லடை இருந்தது, மனுசனுக்கு இல்லை. ஊர் ஞாபகம் வந்தால் எனக்கு ஏக்கம் வராது, வயிறுதான் எரியும்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். "மாஸ்க் குடுக்கலயா அவங்க?"

ஒரே ஒரு முறை கொடுத்தார்கள், அது ஒரு பெரிய கதை, இதை முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பெட்டிக்குள் இருந்த தூசியை ஈரத்துணியால் துடைத்தேன். எஞ்சினுக்குப் போகும் குழாய்க்குள் மண் விழக்கூடாது என்று அந்த வீடியோப் பையன் மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டிருந்தான். புது ஃபில்டரை வைத்து மூடினேன். கிளிப் விழவில்லை. அழுத்தினேன், ஏசினேன், குத்தினேன். விழவில்லை. தர்ஷினி குனிந்து பார்த்துவிட்டு, ஒரு பக்கம் ரப்பர் விளிம்பு பள்ளத்தில் உட்காரவில்லை என்றாள். விரலால் தள்ளினாள். கிளிப் டப்பென்று விழுந்தது. அடுத்தது என்ன என்றாள்.

6

அடுத்தது ஏசி ஃபில்டர். அது முன் இருக்கைக்கு எதிரே இருக்கும் டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். முதலில் டப்பாவைக் காலி செய்ய வேண்டும். விபூதிப் பொட்டலங்கள், காய்ந்து கல்லாகிப்போன எலுமிச்சம்பழம், ஊக்கு, பேனா, வாடிய மல்லிகைச் சரம். எல்லாவற்றையும் வாளியில் போட்டோம். டப்பாவின் இரு பக்கத்தையும் உள்ளுக்கு அழுத்தினால் அது மடியில் தொங்கிவிடும். அதற்குப் பின்னால் ஒரு மெல்லிய மூடி. அதைக் கழற்றி விரலை விட்டு இழுத்தேன். வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. பலமாக இழுத்தேன்.

வந்தது ஒரு கறுப்புப் பலகை. காகிதம் என்றே சொல்ல முடியாது. மடிப்புகள் பிசுபிசுவென்று தார் பூசியதுபோல் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மேலே சாம்பல். நடுவில் இரண்டு மல்லிகை இதழ், அவையும் கறுப்பு. வாசம் மூக்கில் ஏறியது. புதுச் சாம்பிராணி வாசம் இல்லை. பழைய, புளித்த, நனைந்த சாம்பிராணி.

தர்ஷினி அதை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். உடனே நீட்டிப் பிடித்துக்கொண்டு இருமினாள். வாசல் படிவரை போய் நின்று இருமினாள். நான் மருந்தை எடுக்க உள்ளே ஓடினேன். வந்து கொடுத்தேன். இழுத்துக்கொண்டாள். மூச்சு இறங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"இதாம்மா. இந்த வாசம்தான். ஏர்கான் போட்டா மூஞ்சில வந்து அடிக்கும். அதான் கண்ணாடிய எறக்குவேன்."

எனக்கு அந்த வாசம் பழகிப்போய் உறைக்கவே இல்லை. நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் பள்ளிக்கூட வாசல் சண்டைக்காக இல்லையா என்று கேட்டேன். எந்தச் சண்டை என்று கேட்டாள். காவலாளியோடு போட்டது என்றேன். அவள் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அதுக்கா இத்தன நாளா சட்டிய ஒடைச்சீங்க? ஸ்கூல்ல நீங்க ஃபேமஸ்மா. விசில் ஊதுற அந்தப் பாக்சிக்கிட்ட எல்லாரும் பயந்து சாவோம். இந்தியாக்கார அம்மா வந்து கிழிச்சிட்டுப் போனாங்கன்னு இன்னும் பேசுறானுங்க."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. இதை வாயைத் திறந்து சொன்னால் என்ன என்று அவளைத் திட்டினேன். ஒரு மாதிரி, ஒரு மாதிரி என்றால் நான் என்ன என்று எடுத்துக்கொள்வது? அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது கேட்டுக்கு வெளியே சேகருடைய மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையிலும் இப்படித்தான் அப்பாவைப் பார்த்தாள். அது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

7

நான் அந்தக் கறுப்புப் பலகையைச் சேகர் கையில் கொடுத்தேன். இதுதான் உங்கள் மகள் மூச்சில் போனது என்றேன். இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது.

அவருக்கு முகம் சிவந்தது. சாமி காரியத்தில் கை வைக்காதே என்றார். சாம்பிராணி கிருமியைக் கொல்லும், நோயைக் கொடுக்காது என்றார். கடைசியாகப் புராணத்துக்கு வந்தார்.

"எங்கப்பா லோரியில வாராவாரம் போட்டாரு. அவருக்கு என்னா ஆச்சு? நல்லாத்தானே இருந்தாரு."

"ஒங்கப்பா லோரிக்குக் கண்ணாடி இருந்துச்சா?"

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த விஷயம்.

"இல்ல. ஓட்டைதான்."

"கதவு?"

"ஒரு பக்கம்தான் இருந்துச்சு. இந்தப் பக்கம் கயிறு கட்டிருப்பாரு."

தர்ஷினி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவருக்கும் உதட்டோரம் அசைந்தது. ஆனால் சிரிப்பு முழுசாக வரவில்லை. அந்த ஃபில்டரைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஒரு பொட்டு வெளிச்சம்கூட அதன் வழியாக வரவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு மகளிடம் கேட்டார்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"எனக்காகத்தானே போடுறீங்க. எப்படிப்பா வேணாங்கிறது?"

அவர் பழைய ஃபில்டரைக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டார். கோயிலுக்குக் கட்டிப்போன வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தார். புது ஃபில்டரை நான் பொருத்தினேன். தலைகீழாக வைக்கப் போனேன். காற்றுப் போகும் திசைக்கு அதில் ஓர் அம்புக்குறி உண்டு, அது கீழே பார்க்க வேண்டும் என்று தர்ஷினி காட்டினாள். டப்பாவை மாட்டினோம். என் வேலை முடிந்தது. அவர் வேலை அப்போதுதான் தொடங்கியது. காது குடையும் பஞ்சுக் குச்சி டப்பாவை எடுத்துக்கொண்டு, காருக்குள் உட்கார்ந்து, ஏசி காற்று வரும் பட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். குச்சி குச்சியாகக் கறுப்பு வந்தது. மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். வாரேன் என்றார். வரவில்லை. சோற்றை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சாப்பிடும்வரை குச்சியை நான் வாங்கிக்கொண்டேன்.

வாயைத் திறந்து பேசாத வீடு எங்களுடையது. நான் சத்தம் போடுவேன், அது பேச்சு ஆகாது. அவர் புகை போடுவார். அவள் கண்ணாடியை இறக்குவாள்.

8

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்ன செய்யப்போகிறார் என்று நானும் தர்ஷினியும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். குளித்துவிட்டு வந்தார். பால் டின்னைப் பற்றவைத்தார். காரின் கண்ணாடிகள் ஏறியிருக்கின்றனவா என்று சுற்றி வந்து பார்த்தார். அப்புறம் டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு தேரைச் சுற்றுவதுபோல் காரை வெளியே மூன்று சுற்றுச் சுற்றினார். புகை முழுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனது. அங்கிருந்த மலாய் அக்கா எட்டிப் பார்த்து, காடி எரிகிறதா என்று பதறிக் கேட்டார். இவர் இல்லை இல்லை என்று கும்பிட்டுவிட்டு டின்னைத் தண்ணீரில் வைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

"போதுமா?" என்றார் மகளிடம்.

"போதும்பா. அடுத்த வாட்டி காத்து எந்தப் பக்கம்னு பாத்துக்குங்க" என்றாள்.

இருமல் மாயமாய் மறைந்துவிட்டது என்று எழுத மாட்டேன். அப்படி எழுதினால் பொய். மருத்துவரிடம் மறுபடி கூட்டிப்போனேன். சாம்பிராணியைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மருந்து தொடரட்டும் என்றார், மூடிய இடத்தில் எந்தப் புகையும் ஆகாது என்றார். இழுப்பு குறைந்திருக்கிறது. ராத்திரி அவள் அறை வாசலில் நிற்பதை நான் இன்னும் விடவில்லை. கேட்கிறதெல்லாம் போனில் அவள் சிரிக்கிற சத்தம்தான்.

ஆனால் கார் விஷயத்தில் அவளை நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வருவாள் என்று தெரியும். கூப்பிடாமல் வர வேண்டும் என்று பிடிவாதம். அந்த வாரம் முழுக்கவும், அடுத்த திங்கட்கிழமையும் சியூ லிங் காரில் போனாள். செவ்வாயும் போனாள். பாத்திரச் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன். அது எனக்குப் பெரிய வேலை.

புதன்கிழமை காலை நான் காரை முடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கதவு திறந்தது. என் சாப்பாட்டுப் பையைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு அவள் உட்கார்ந்தாள். சியூ லிங்கிடம் சொல்லிவிட்டேன் என்றாள். நான் காரை வெளியே எடுத்தேன். சாலைக்கு வந்ததும் அவள் கை கண்ணாடிப் பொத்தானுக்குப் போனது. கண்ணாடி இறங்கியது. என் நெஞ்சு அதோடு சேர்ந்து இறங்கியது.

அவள் குனிந்து ஏசி பட்டையில் மூக்கை வைத்தாள். மோந்தாள். இன்னொரு முறை மோந்தாள். நிமிர்ந்து கண்ணாடியை ஏற்றினாள். முழுசாக ஏற்றினாள். வெளிச் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது.

ஈப்போவுக்குள் நுழையும் சிக்னலில் நின்றோம். முன்னால் நீண்ட வரிசை. நல்ல நெரிசல். அவள் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை இருக்கைமேல் மடக்கிக்கொண்டாள்.

"தாத்தாவுக்கு மாஸ்க் குடுத்த கத பாதியில நிக்குது. சொல்லுங்க."

பச்சை விழுந்தது. பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தான். தர்ஷினி தலையைக் குனிந்து தயாராக உட்கார்ந்தாள். நான் கண்ணாடியை இறக்கவில்லை. அவன் அடிக்கட்டும் என்று காரை மெல்ல நகர்த்தினேன். தாத்தா அந்த முகமூடியைக் கழற்றாமல் வீட்டுக்கு வந்தார், எங்கள் நாயே அவரைப் பார்த்துக் குரைத்தது என்று ஆரம்பித்தேன்.